‘ஒருக்கா வாங்கோவன்’ என்று சொன்ன கேம்ப்சைட் ஹோஸ்ட்

1. மஞ்சள் ஜாக்கெட்

கேம்ப்சைட் ஹோஸ்ட் வேலைக்குப் போன முதல் நாள் எனக்கு ஒரு மஞ்சள் ஜாக்கெட், ஒரு வோக்கி டோக்கி, ஒரு அளவு நாடா, பதினான்கு பக்க விதிமுறைப் புத்தகம் ஆகியவற்றைத் தந்தார்கள். சம்பளம் தரவில்லை. இது வொலன்டியர் வேலை. ஓய்வுபெற்ற பிறகு இப்படி ஏதாவது செய்யலாம் என்று நினைப்பவர்களுக்காகவும், இன்னும் நாலைந்து வருடத்தில் அந்த நிலைக்கு வரப்போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கடைசியில் கொஞ்சம் புத்தி சொல்வேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் இருபத்தாறு வருடம் நான் லண்டனில் ஒரு ரயில் நிலையத்தின் கேட்டடியில் நின்றவன். டிக்கெட் இல்லாமல் வருகிறவரை மறிப்பதுதான் என் தொழில். மறித்து மறித்தே பிள்ளைகளைப் படிப்பித்தேன், ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீடும் வாங்கினேன். ஓய்வுபெற்ற அடுத்த திங்கட்கிழமையே என் கால்கள் தாமாகப் போய்க் குசினி வாசலில் நின்றுவிட்டன. பிரிட்ஜை ஏன் இவ்வளவு நேரம் திறந்து வைத்திருக்கிறாய், இந்தச் சட்டியை ஏன் அந்தத் தட்டில் வைத்தாய் என்று மனைவி பத்மாவைக் கேள்வி கேட்கத் தொடங்கினேன். அவள் மூன்று வாரம் பொறுத்தாள்.

“இஞ்சருங்கோ, ஆரையாவது மறிக்காட்டில் உங்களுக்குப் பொழுது போகாது. எங்கையாவது போய் மறியுங்கோ. என்ர குசினியை விடுங்கோ.”

நூல்நிலையத்து நோட்டீஸ் போர்டில் இருந்து அந்த விளம்பரத்தைக் கிழித்துக்கொண்டு வந்ததும் அவள்தான். லண்டனின் வடகிழக்கு ஓரத்தில், வீடுகள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு கேம்ப்சைட். அங்கே நாற்பது பிட்ச். பிட்ச் என்றால் ஒரு டென்டோ கரவனோ போடுவதற்காகப் பிரித்துவிட்ட புல் துண்டு. வருகிறவர்களைப் பதிந்து, அவரவர் பிட்சைக் காட்டி, விதியைச் சொல்லி, நாளுக்கு இரண்டு முறை சுற்றி வந்து, போக வேண்டிய நேரத்தில் அனுப்பிவைக்க ஒரு ஹோஸ்ட் தேவை. வெள்ளி மதியம் தொடங்கித் திங்கள் காலை வரை வேலை. பதிலுக்கு அந்த மூன்று நாளும் தங்க ஒரு பழைய கரவன் தருவார்கள்.

மனேஜர் லொரெய்ன் என்னை நேர்முகம் கண்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சேற்றுச் சப்பாத்தோடு மேசைக்குப் பின்னால் இருந்தார். அவர் பேசியது இங்கிலிஷ். என் காதுக்குள் அது எங்கட தமிழாகத்தான் போகும். அப்படியே எழுதுகிறேன்.

“கேம்ப் அனுபவம் ஏதும் இருக்கோ?”

“இருக்கு. ரெண்டு கேம்பில இருந்தனான்.”

“எங்கையெங்கை?”

“ஒண்டு ஊரில, பள்ளிக்கூடத்துக்குள்ள. ஒரு வகுப்பறையில ஒன்பது குடும்பம். மற்றது ஜெர்மனியில, எட்டு மாசம்.”

“ஜெர்மனி கேம்பிங்குக்கு நல்ல இடம். வசதியெல்லாம் எப்பிடி?”

“எல்லாத்துக்கும் வரிசையில நிக்க வேணும்.”

“பாங்க் ஹொலிடேக்கு இஞ்சையும் அப்பிடித்தான்,” என்று சொல்லிவிட்டுப் படிவத்தில் ‘மிகுந்த அனுபவம் உள்ளவர்’ என்று எழுதினார்.

நான் திருத்தவில்லை. அகதி முகாமில் கழிந்த அந்த எட்டு மாதம் எனக்கு ஒரு தகுதியாகப் பயன்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஜூன் தொடக்கம் மூன்று மாதம் பயிற்சிக் காலம் என்றார்கள். ஓகஸ்ட் பாங்க் ஹொலிடே என்ற நீண்ட வார விடுமுறையின் சனிக்கிழமை லொரெய்ன் வந்து சுற்றிப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். ரிப்போர்ட் நன்றாக இருந்தால் வருடா வருடம் கரவன் எங்களுக்கு. இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

2. பெல் இல்லாத வீடு

முதல் வெள்ளிக்கிழமை பத்மா வேண்டா வெறுப்பாகத்தான் வந்தாள். கறிக்குப் போடும் சரக்குத்தூள், பருப்பு, அரிசி, இரண்டு போர்வை, பிள்ளையார் படம், பத்து நாளைக்குப் போதுமான பரசிட்டமோல் எல்லாம் கொண்டுவந்தாள். கரவன் ஓரங்களில் பாசி பிடித்த ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஒரு ஆள் திரும்பினால் மற்ற ஆள் உட்கார வேண்டும். எங்களிடம் இருந்தது ஆறு கோப்பை, இரண்டு மடிப்புக் கதிரை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு நான் சுற்று முடித்து வந்தபோது, பத்மா கரவனுக்கு வெளியே ஒரு கதிரையில் இருந்து, மற்றக் கதிரையில் காலை நீட்டி, பிளேன்டீ குடித்துக்கொண்டு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் எங்கே என்று கேட்டேன். கரண்டி போடும் இழுப்பு லாச்சிக்குள் இருக்கிறது என்றாள்.

லண்டனில் இருக்கும் எங்கட ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் ஒரு கலண்டர் தொங்குகிறது. அதில் சனிக்கிழமை என்று ஒன்று கிடையாது. இந்தச் சனி பிறந்தநாள், அடுத்த சனி யாரோ பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, அதற்கடுத்தது புதுவீட்டுக் குடிபூரல், பிறகு யாரோ செத்த முப்பத்தோராம் நாள். ஒவ்வொன்றுக்கும் ஹோல், ஒவ்வொன்றுக்கும் பட்டுச் சேலை. பத்மா எங்கே போனாலும் விருந்தாளியாக ஐந்து நிமிடம் இருப்பாள், பிறகு யாராவது “பத்மாக்கா, ஒருக்கா இந்தத் தட்டைப் பிடியுங்கோ” என்பார்கள். வீட்டில் இருந்தால் பெல் அடிக்கும். “இந்தப் பக்கம் வந்தனாங்கள், ஒருக்கா எட்டிப் பாப்பம் எண்டு” ஆறு பேர் நிற்பார்கள். உலையில் இன்னும் ஒரு சுண்டு அரிசி விழும்.

“இஞ்சை ஒருத்தரும் பெல் அடிக்க மாட்டினம்,” என்றாள் பத்மா. “இஞ்சை பெல்லே இல்லை.”

அடுத்த வெள்ளி என்னை விட முன்னதாக அவள் வெளிக்கிட்டு நின்றாள். அதற்கடுத்த வெள்ளி கரவனுக்கு யன்னல் சீலை தைத்துக்கொண்டு வந்தாள். கூப்பிடுகிறவர்களிடம், “இவருக்கு வார இறுதியில டியூட்டி, என்னாலயும் வர ஏலாது” என்று சொல்லப் பழகிக்கொண்டாள். டியூட்டி என்றால் எங்கட சனம் மறுபேச்சுப் பேசாது. சாவுக்கு அடுத்தபடி மரியாதை உள்ள காரணம் அதுதான்.

ஜூலை தொடக்கத்தில் ஒருநாள் அவள் என்னிடம் நேரே சொன்னாள்: “உங்களைக் கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருசம். எனக்கெண்டு கிடைச்ச வீடு இது ஒண்டுதான். இதை எடுத்துப்போட்டினம் எண்டால் நான் அழுவன். ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ.”

நான் சத்தியம் செய்தேன். தலையில் அடிக்காத குறை.

3. ஆறு மீற்றர்

இந்த வேலையில் முக்கியமான விதி ஒன்றே ஒன்று. ஒரு டென்டுக்கும் மற்ற டென்டுக்கும் இடையில் ஆறு மீற்றர் இருக்க வேண்டும். ஒன்று எரிந்தால் மற்றது தப்ப வேண்டும் அல்லவா. ஒரு பிட்சுக்கு ஆறு பேர். ஹுக்-அப் என்ற மின்சாரத் தூணில் நாலு பிட்சுக்கு நாலு பிளக். கேத்தில் ஒன்று, பிரிட்ஜ் ஒன்று என்றால் தாங்கும். கூடினால் ட்ரிப் ஆகிவிடும். மிச்சப் பக்கங்களில் முக்கால்வாசி நாயைப் பற்றியது.

வெள்ளைக்காரர் ஓய்வெடுக்கத்தான் கேம்பிங் வருகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை, அளக்க வருகிறார்கள். பதினெட்டாம் பிட்சில் ஜெஃப் என்று ஒரு கிழவர். மனைவி இல்லை. கோடை முழுக்க வருவார். என்னுடையதை விட நீளமான அளவு நாடா வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து டென்டின் கயிற்றைக் காட்டினார்.

“சிவா, இது அஞ்சு மீற்றர் எண்பது.”

“இருபது சென்டிமீற்றர்தானே, ஜெஃப்.”

“இண்டைக்கு இருபது. நாளைக்கு?”

ரயில் நிலையத்தில் நான் படித்த பாடம் ஒன்று உண்டு. முறைப்பாடு செய்கிறவரோடு வாதாடக் கூடாது. “குறிச்சு வைக்கிறன்” என்று சொல்லிக் கொப்பியில் எழுத வேண்டும். பாதிப் பேருக்கு அதுவே போதும். ஜெஃப் மற்றப் பாதி. எனவே நான் போய் ஒரு குடும்பத்தை எழுப்பி, டென்டைக் கழற்ற வைத்து, இருபது சென்டிமீற்றர் தள்ளிப் போடச் செய்தேன். அவர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். அதுதான் இந்த நாட்டில் எனக்கு இன்றைக்கும் விளங்காதது.

ஓகஸ்ட் வந்தபோது எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. ஒளிக்காமல் சொல்கிறேன். மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு புல்லில் நடக்கும்போது, நாற்பது பிட்சும் என் சீதனக் காணி போல இருந்தது.

4. வாயால் கெட்டது

தேவண்ணை என் பெரியப்பாவின் மகன். லண்டனில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒன்றியத்தின் தலைவர். தலைவர் பதவிக்குப் போட்டி வந்ததில்லை, வர அவர் விட்டதும் இல்லை. அவருடைய அறுபத்தைந்தாவது பிறந்தநாள் ஒரு புதன்கிழமை அப்டன் பார்க்கில் ஒரு ஹோலில் நடந்தது. புதன்கிழமை என்றபடியால் டியூட்டி என்று சொல்லித் தப்ப முடியவில்லை.

பத்மாவை வழக்கம்போல யாரோ பாயாசம் ஊற்றக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் தேவண்ணையின் மேசையில் அகப்பட்டேன்.

“என்ன தம்பி, பென்ஷன் எடுத்திட்டு வீட்டில சும்மாதான் இருக்கிறியாம்?”

மேசையில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் பரிதாபமாகத் தலையை வேறு ஆட்டினார். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

“ஆர் சொன்னது சும்மா இருக்கிறன் எண்டு? காட்டடியில ஒரு கேம்ப்சைட். நாப்பது பிட்ச். முழுக்க என்ர பொறுப்பு.”

“உன்ர பொறுப்போ?”

“ஓம். என்னைக் கேக்காமல் ஒரு ஆணி அடிக்க ஏலாது.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. “ஒருக்கா வாங்கோவன்.”

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். ‘ஒருக்கா வாங்கோவன்’ என்பது எங்களிடம் அழைப்பு அல்ல. அது பேச்சை முடிக்கும் முறை. கேட்பவர் “ஓம், ஒரு நாளைக்கு வருவம்” என்பார். அத்தோடு இருவருக்கும் கடமை முடிந்தது. முப்பது வருடமாக நான் நூறு பேருக்காவது அப்படிச் சொல்லியிருப்பேன். ஒருவரும் வந்ததில்லை, நானும் போனதில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு ஒரு காவல் உண்டு. நாள் சொல்லக் கூடாது.

தேவண்ணை கேட்டார்: “எப்ப நல்ல நேரம்?”

“ஓகஸ்ட் பாங்க் ஹொலிடே எண்டால் நல்ல கலகலப்பாய் இருக்கும்,” என்றேன் நான். பாவி.

“கனபேர் வந்தால் பிரச்சினை இல்லையோ?”

“என்ன பிரச்சினை? எங்கட இடம்தானே.”

வீட்டுக்கு வரும் வழியில் பத்மா, “அங்கை என்ன கதைச்சனீங்கள்?” என்று கேட்டாள். அரசியல் என்று சொன்னேன்.

5. பன்னிரண்டு கார்

பாங்க் ஹொலிடே வெள்ளியன்று கைக்கு வந்த செக்-இன் பட்டியலில், இருபதாம் பிட்சுக்கு நேரே ‘ராஜா, ஆறு பேர், சனி காலை வருகை’ என்று இருந்தது. லண்டனில் எத்தனை ராஜா. தேவராஜா என்ற பெயரின் பின்பாதி அது என்று என் மண்டைக்குள் ஓடவில்லை.

சனி பதினொன்றரைக்கு நான் வாசல் தடுப்படியில் நின்றேன். முதல் காரின் யன்னலால் தேவண்ணை தலையை நீட்டினார். பின்னால் திரும்பி, “நான் சொன்னனான் எல்லோ, எங்கட ஆள்தான் இஞ்சை மனேஜர்” என்றார். அவருக்குப் பின்னால் பதினொரு கார்கள் நின்றன. ஒன்றின் கூரையில் ஒன்றியத்தின் பனர் சுற்றிக் கட்டியிருந்தது.

இருபத்தாறு வருடம் மறித்த கை இது. கோட் சூட் போட்டவனை மறித்திருக்கிறேன், பொலிஸ்காரனை மறித்திருக்கிறேன். அன்று அந்தக் கை தானாகப் போய்த் தடுப்பைத் தூக்கியது. பன்னிரண்டு காரும் உள்ளே போய் முடியும் வரை தூக்கிக்கொண்டே நின்றது. எல்லோரும் யன்னலால் கையாட்டினார்கள்.

நாற்பத்தேழு பேர். நான் எண்ணினேன், அது பழக்கதோஷம். பிளாஸ்டிக் கதிரைகள், மைக் செட், மூன்று பெரிய ரைஸ் குக்கர், ஒரு வாளி நிறைய ஆட்டிறைச்சி, கோயில் திருவிழாவுக்குக் காணும் ஒரு காஸ் அடுப்பு. அடுப்பைப் புல்லில் இறக்கி, தாங்கள் கட்டிய டென்டில் இருந்து இரண்டு முழத்தில் வைத்துப் பற்ற வைத்தார்கள். பனரை என் விதிமுறைப் பலகையின் மேல் கட்டினார்கள்.

பத்மா கரவன் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போவதற்குள் வெளியே வந்துவிட்டாள். முகத்தில் ஹோல் வாசலில் நிற்கும்போது வருமே, அந்தச் சிரிப்பு.

“வாங்கோ அத்தான், வாங்கோ. எல்லாரும் வந்திருக்கிறியள், சந்தோசம். தேத்தண்ணி போடட்டே?”

“போடு பிள்ளை. தம்பிதான் விடாப்பிடியாய் வாங்கோ வாங்கோ எண்டு நிண்டவன். அதுதான் வந்தனாங்கள்.”

பத்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே போய்க் கரண்டி லாச்சியைத் திறந்து போனை எடுத்து மேசையில் வைத்தாள். இனி அதை ஒளித்து வைத்துப் பயனில்லை என்பதுபோல. பிறகு ஆறு கோப்பையில் நாற்பத்தேழு பேருக்குத் தேநீர் ஊற்றத் தொடங்கினாள். ஆறு பேர் குடிக்கக் கழுவி, அடுத்த ஆறு பேருக்கு.

பன்னிரண்டரைக்கு முதல் குக்கரைச் செருகினார்கள். தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. மூன்றாவதைச் செருக, பக்கத்துப் பிளக்குகள் உட்படத் தூண் முழுக்க அணைந்துவிட்டது. ஜெஃப் தன் கரவனில் இருந்து அளவு நாடாவோடு இறங்கி வருவது தெரிந்தது. லொரெய்ன் ரிப்போர்ட் எழுத இரண்டு மணிக்கு வருவார்.

நான் ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தேவண்ணையிடம் போனேன்.

“அண்ணை, முதல்ல அந்த அடுப்பை நிப்பாட்டச் சொல்லுங்கோ. டென்ட் பத்தும். அடுத்தது, இந்தப் பிட்சுக்கு ஆறு பேர்தான் ஏலும்.”

“நாங்களும் ஆறு குடும்பம்தானே.”

“ஆறு தலை, அண்ணை.”

“சரி, சாப்பிட்டிட்டுப் பாப்பம். நீயும் இரு. மைக்கில ரெண்டு வார்த்தை பேச வேணும், உன்னைத்தான் வரவேற்புரைக்குப் போட்டிருக்கு.”

“ஒரு மணிக்கு முதல் மிச்ச ஆக்கள் வெளிக்கிட வேணும்.”

தேவண்ணை எழுந்தார்.

“நீ கூப்பிட்டுத்தானே வந்தம்?”

“ஓம். கூப்பிட்டது என்ர பிழை.”

“சோறு இன்னும் அவியேல்லை. எங்களைச் சாப்பிடாமல் போகச் சொல்லுறியோ?”

இதைவிடப் பெரிய கேள்வி எங்கள் பாஷையில் இல்லை. வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பியவன் என்ற பெயர் செத்தாலும் போகாது. செத்தவீட்டுப் பேச்சிலும் அதைச் சொல்வார்கள். என் வாய் “இல்லை அண்ணை, இருங்கோ” என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தது. அப்போது பத்மாவைப் பார்த்தேன். கரவன் படியில் குந்தியிருந்து கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். ஹோல் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் சிவந்திருந்தது. அவள் அழுவேன் என்று சொன்னவள். சொன்னதைச் செய்கிறவள்.

“ஓம் அண்ணை,” என்றேன். “சட்டியோட கட்டிக்கொண்டு போங்கோ. ரோட்டைக் கடந்தால் பொது வெளி இருக்கு. அங்கை கதிரை போடலாம், எத்தினை பேரும் இருக்கலாம், அடுப்பு மட்டும் மூட்டக் கூடாது. இறைச்சியை அப்டன் பார்க்குக்குத் திரும்பிப் போய் வீட்டில காய்ச்சுங்கோ. போயிட்டு வாங்கோ.”

கால் மணி நேரத்தில் டென்டைக் கழற்றிச் சட்டிகளைக் கார்களுக்குள் வைத்தார்கள். கதிரைகளைக் கொள்ளும்வரை அமுக்கி ஏற்றினார்கள். புக் பண்ணிய ஆறு பேருக்கு இருக்க உரிமை உண்டு என்று நான் சொன்னதற்கு, அந்த உரிமையை எங்கே வைக்கலாம் என்று ஒரு மருமகப்பிள்ளை சொன்னார். கடைசியாகத் தேவண்ணை வந்தார்.

“கொம்பிளெயின் எழுதுறதுக்குப் பேப்பர் இருக்கோ?”

அதைக் கேட்டால் கொடுக்க வேண்டும், ஒன்பதாம் பக்கம். படிவத்தைக் கொடுத்தேன். அவரிடம் பேனா இருக்கவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன். காரின் முன்பக்கத்தில் வைத்து இரண்டு பக்கம் எழுதினார். “உன்ர முழுப்பேர் என்ன போடுறது?” என்று இடையில் கேட்டார். சொன்னேன்.

6. இரண்டு மணி

லொரெய்ன் சரியாக இரண்டுக்கு வந்தார். தூணை நான் சரிசெய்துவிட்டேன். புல்லில் கருகிய வட்டம் ஒன்று கிடந்தது. அதை எதுவும் செய்ய முடியவில்லை. முறைப்பாட்டுப் படிவத்தை நானே அவரிடம் நீட்டினேன், என் தலையை நானே தட்டில் வைத்துக் கொடுப்பது போல. பத்மா கரவனுக்குள் யன்னல் சீலையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள்.

லொரெய்ன் முதலில் ஜெஃபிடம் போய்க் கேட்டார், நான் கேட்கும் தூரத்தில்.

“உங்கட தூணும் அணைஞ்சதாம். என்ன நடந்தது?”

ஜெஃப் நாடாவைச் சுருட்டிக்கொண்டு சொன்னார்: “அடுப்பு டென்டில இருந்து தொண்ணூறு சென்டிமீற்றர். நான் அளந்தனான். ஆனால் வந்த கூட்டத்தில ஒரு மனுசி எனக்கு ரெண்டு ரோல்ஸ் தந்தவ. இறைச்சிக் கறி வருது எண்டும் சொன்னவ. அதுக்குள்ள சிவா எல்லாரையும் கலைச்சுப் போட்டார். எனக்கு இருக்கிற முறைப்பாடு அது ஒண்டுதான்.”

பிறகு லொரெய்ன் தேவண்ணையின் இரண்டு பக்கத்தையும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை வாசித்தார்.

“இதில உங்கட சொந்த அண்ணை எண்டு இருக்கு.”

“ஓம்.”

“நாப்பத்தேழு சொந்தக்காரரைச் சாப்பிடாமல் அனுப்பினீங்கள் எண்டு இருக்கு.”

“ஓம்.”

“முதல்ல உள்ள விட்டதும் நீங்கள்தானோ?”

“அதுவும் நான்தான். வாயால கெட்டது.”

லொரெய்ன் புல்லில் இருந்த வட்டத்தைச் சப்பாத்தால் தட்டினார். “நான் பதினொரு வருசம் இந்த வேலை. போன ஹோஸ்டின்ர மருமகன் மூண்டு கிழமை ஓசியில கிடந்தான். அதுக்கு முந்தின ஹோஸ்டின்ர தங்கச்சி நாயோட வந்து குளிக்கிற அறையில குடியிருந்தாள். சொந்தக்காரர் முறைப்பாடு எழுதிற அளவுக்கு வேலை செய்த ஹோஸ்டை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்.” ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். “இந்த வட்டத்துக்குப் புல் விதை போடுங்கோ. அடுத்த வருசமும் சாவி உங்களிட்டையே இருக்கட்டும்.”

நான் போய்ப் பத்மாவிடம் சொன்னேன். அவள் மடித்த சீலையை விரித்துத் திரும்ப மாட்டினாள். மாட்டி முடிக்கும் வரை என் பக்கம் திரும்பவில்லை.

“அரசியல் கதைச்சனீங்கள் என்ன?” என்றாள்.

“மன்னிச்சுக்கொள்.”

“அந்தக் கொம்பிளெயினில ஒரு கொப்பி எடுத்துத் தாங்கோ.”

கொப்பி இன்றைக்கும் கரவன் பிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டியிருக்கிறது. கலண்டர் ஒட்டும் இடத்தில்.

7. பதினோராம் பிட்ச்

தண்டனை கிடைத்தது. ஒன்றியத்தின் வாட்ஸ்அப் குறூப்பில் இருந்து எங்களைத் தூக்கினார்கள். கார்த்திகையில் ஒரு சாமத்தியவீடு, தையில் ஒரு கலியாணம், இரண்டுக்கும் அழைப்புக் காட் வரவில்லை. கிறீன் ஸ்ட்ரீட்டில் மரக்கறிக் கடையில் என்னைக் கண்டவர்கள் கத்தரிக்காயை உற்றுப் பார்த்தார்கள். எனக்குக் கவலை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பத்மா பனிக்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் எங்கள் முன் அறையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். வீட்டு பெல் தூசி பிடித்தது. “பாத்தீங்களே, இஞ்சையும் ஏலும்” என்றாள்.

அடுத்த வருடம் மே மாதம் ஒரு சனிக்கிழமை. பட்டியலில் ‘ராஜா, இரண்டு பேர், பதினோராம் பிட்ச்’ என்று இருந்தது. இம்முறை எனக்கு ஓடியது. தடுப்படியில் போய்க் காத்து நின்றேன்.

ஒரே ஒரு கார். தேவண்ணை ஓட்ட, பக்கத்தில் அண்ணி மடியில் பிளாஸ்க்கோடு இருந்தார். பின் சீற்றில் புதிய டென்ட் ஒன்று பெட்டியோடு கிடந்தது.

“வாங்கோ அண்ணை,” என்றேன். பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. “இண்டைக்கு ஒன்றியத்தின்ர விளையாட்டுப் போட்டி எல்லோ? மரக்கறிக் கடையில நோட்டீஸ் பாத்தன். நீங்கள்தானே தலைமை?”

தேவண்ணை முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு முதுகுப் பிடிப்பு எண்டு சொல்லியிருக்கு.”

அண்ணி இந்தப் பக்கமாகக் குனிந்து, “ஒரு சனிக்கிழமையாவது பேசாமல் இருப்பம் எண்டு வந்தனாங்கள், தம்பி” என்றார். “ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ.”

நான் தடுப்பைத் தூக்கவில்லை. விதிமுறைப் பட்டியலை எடுத்து முழுவதும் வாசித்தேன். ஆறு மீற்றர், ஆறு பேர், அடுப்பு கல்லின் மேல், செக்-அவுட் ஞாயிறு பன்னிரண்டு மணி. தேவண்ணை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முடிய, “விளங்கிச்சு. போன முறை இதை வாசிச்சுக் காட்டினனியே?” என்று கேட்டார். இல்லை என்றேன். “வாசிச்சிருக்க வேணும்,” என்றார்.

அவர் சொன்னதுதான் நான் கடைசியில் சொல்வதாகச் சொன்ன புத்தி. எவராக இருந்தாலும் தடுப்பைத் தூக்க முதல் வாசியுங்கள், தூக்கிய பிறகு வாசித்தால் எவருக்கும் காது கேட்காது.

கரவனுக்குப் போய்ப் பத்மாவிடம் சொன்னேன். அவள் யன்னலால் பதினோராம் பிட்சைப் பார்த்தாள். வேலிக்கரையில் அண்ணி கதிரையில் காலை நீட்டியிருந்தார். தேவண்ணை டென்டின் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், பக்கத்தில் ஜெஃப் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேத்தண்ணிக்குக் கூப்பிடுவமோ என்று நான் கேட்டேன். பத்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேண்டாம், பாவங்கள்” என்றாள்.

ஞாயிறு பன்னிரண்டு மணி வரை நாங்கள் அவர்களைக் கூப்பிடவில்லை. அவர்களும் எங்கள் கதவைத் தட்டவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கொருவர் செய்த பெரிய உபகாரம் அதுதான்.